பச்சை நூல்

எங்கள் வீட்டில் சீவாளிக்கு நூல் கட்டுவது என் மகளின் வேலை. பத்து வயதில் ஆரம்பித்தாள். நாயனத்தில் வாய் வைக்கிற இடத்தில் செருகியிருக்கும் சின்னத் தட்டைதான் சீவாளி. காவிரிப் பக்கத்து நாணலில் செய்தது. எங்களுக்குத் திருவாவடுதுறையிலிருந்து வரும். வாங்கி வந்த சீவாளி உடனே பேசாது. வாயில் போட்டு ஊறவைக்க வேண்டும், உதட்டால் அழுத்திப் பார்க்க வேண்டும், விரலால் நீவ வேண்டும், சில சமயம் நுனியை லேசாகச் சுரண்ட வேண்டும். அத்தனையும் செய்த பிறகும் அடியில் சுற்றிய நூல் நெகிழ்ந்திருந்தால் கெண்டையில் சரியாக உட்காராது. காற்று கசியும். மேல் ஷட்ஜத்தில் நிற்கப் போகும்போது காலை வாரிவிடும்.

என் விரல்கள் தடித்தவை. அவள் விரல் மெல்லியது. நூலை மெழுகில் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல் வரிசையாகக் கட்டுவாள். நான் வாங்கித் தருவது வெள்ளை நூல். அவள் தையல் பெட்டியிலிருந்து பச்சை நூலை எடுத்துக்கொள்வாள். ஏன் என்று கேட்டதற்கு, “யார் கட்டினதுன்னு தெரியணும் இல்லப்பா” என்றாள். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிப் போன பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து சீவாளிக் கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சூளூர்பேட்டையில் என்னோடு வாசிக்கிற எல்லாருக்கும் அந்தப் பச்சை நூல் தெரியும்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்தது என் தாத்தா காலத்தில், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. எங்களுக்கு நாயனமும் தவிலும். ஊருக்குச் சன்னாயியும் டோலும். கருவி ஒன்றுதான். சென்னையிலிருந்து வடக்கே வரும் புறநகர் ரயில் எங்கள் ஊரில் நின்றுவிடும். பாட்டு அப்படி நிற்பதில்லை என்று அப்பா சொல்வார். ஓங்கோல் பக்கத்துக் கரவதியில் 1924-இல் பிறந்த ஷேக் சின்ன மௌலானா ஸ்ரீரங்கத்தில் போய்க் குடியேறி, 1998-இல் சங்கீத கலாநிதி வாங்கினார். “நாம வடக்கே வந்தோம், அவர் தெக்கே போனார், கணக்கு சரியாப்போச்சு” என்பது அப்பாவின் வாக்கு. முன்பு நெல்லூர் ஜில்லாவில் இருந்த ஊர் 2022-இல் திருப்பதி ஜில்லாவுக்குப் போனது. எங்கள் தொழிலில் அதனால் ஒன்றும் மாறவில்லை. மாசி, பங்குனி, சித்திரையில் முகூர்த்தம், நடுநடுவே கோயில்கள், காளங்கி ஆற்றங்கரைச் செங்காளம்மன் முன்னால் வேண்டுதலுக்கு வாசிக்கக் கூப்பிடுகிறவர்கள். ராக்கெட் கிளம்புவதற்கு முன் ஸ்ரீஹரிகோட்டாவின் பெரிய விஞ்ஞானிகள் வந்து கும்பிடுகிற அம்மன் அவள்.

மகள் காய்ச்சல் என்று படுத்தாள். ஒன்பதாம் நாள் போய்விட்டாள். முப்பத்திரண்டு வயது. அவள் பையனுக்கு அப்போது ஒன்பது. அவனுடைய அப்பா கையைப் பிடித்துக்கொள்ள அவன்தான் கொள்ளி வைத்தான்.

எங்கள் வழக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் போனால் பெற்றவர்களுக்கு மூன்று நாள்தான் தீட்டு. அவள் வேறு குலம் ஆகிவிட்டவள். பிள்ளைக்கும் புருஷனுக்கும் பதினாறு. இந்தக் கணக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பிறர் வீட்டில் பார்த்திருக்கிறேன். என் வீட்டில் நடந்தபோதுதான் அது எப்படி அறுக்கும் என்று தெரிந்தது. நான்காம் நாள் காலை நான் சுத்தம். கருவியைத் தொடலாம், கோயிலுக்குப் போகலாம், கல்யாணத்தில் வாசிக்கலாம். இரண்டு தெரு தள்ளி என் பேரன் இன்னும் பன்னிரண்டு நாள் யார் வீட்டுப் படியும் ஏறக்கூடாது.

ஆறாம் நாள் ஒரு கல்யாணம். நான்கு மாதம் முன்பே அட்வான்ஸ் வாங்கியது. பெண் வீட்டார் நல்லவர்கள், வரவேண்டாம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். ஆனால் அந்த முகூர்த்தத்துக்கு வேறு செட் கிடைக்கவில்லை. போனேன். சீரகமும் வெல்லமும் சேர்த்துப் பெண் தலையில் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை தலையில் பெண்ணும் வைக்கிற நேரம்தான் தெலுங்குக் கல்யாணத்தில் முகூர்த்தம். புரோகிதர் விரலைத் தூக்கினார், கெட்டிமேளம் வாசித்தேன். கை தன்னால் ஓடியது. நாற்பது வருஷப் பழக்கம். அதில் நான் இல்லை. அப்பகிந்தலு வந்தபோதுதான் சிக்கல். பெண்ணை ஒப்படைக்கிற சடங்கு அது. அம்மா அழுவாள், பெண் அழுவாள், நாங்கள் அதற்குப் பின்னால் மெதுவாக ஏதாவது வாசிக்க வேண்டும். முகாரி கல்யாண வீட்டில் ஆகாது. நீலாம்பரி எடுத்தேன். வாயில் இருந்தது பச்சை நூல் சீவாளி. இரண்டாவது மூச்சில் உதடு நிற்கவில்லை. தவில்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டு லேசாகத் தட்டி இடத்தை நிரப்பினார். நான் சுருதிப் பெட்டியின் ஓசையைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஏறினேன். பெண் வீட்டார், நான் அவர்கள் பெண்ணுக்காக உருகினேன் என்று நினைத்துக் கூடுதலாக ஐந்நூறு ரூபாய் வைத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்தது இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் மருமகன் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் ஒரு பூவரச மரம். பேரன் இலையைப் பறித்துச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி, பீப்பி ஊதிக்கொண்டிருந்தான். அம்மா சொல்லிக்கொடுத்தது. நல்ல பீப்பி. நடு நரம்பைக் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் சுருட்டியிருந்தான், அதனால் ஒலி கரகரக்கவில்லை. சீவாளியும் அதுவும் ஒரே வித்தைதான். இரண்டு தகடு, நடுவே காற்று. காற்று போகும்போது தகடுகள் ஒட்டிப் பிரியும். அந்தத் துடிப்புதான் நாதம். ஆச்சா மரத்துக் குழலும் அணசும் ஏழு விரல் துளையும் அடியில் இருக்கிற பிரம்ம சுரங்களும் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

உறவில் ஒரு பெரியவர் உள்ளே இருந்து வந்தார். “சாவு விழுந்த வீட்ல பீப்பி ஊதறியா? ஊர் சிரிக்கும்” என்று இலையைப் பிடுங்கிப் போட்டார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான். முந்தின நாள் முகூர்த்தத்தில் வாசித்துவிட்டு, சட்டைப் பையில் அந்தப் பணத்தோடு நின்றிருந்த நான் வாய் திறக்கவில்லை. பெரியவர் சொன்னது வழக்கம், நான் செய்ததும் வழக்கம், இரண்டுக்கும் நடுவில் அவன் கையில் ஒன்றும் இல்லாமல் நின்றான். இத்தனை வருஷத் தொழிலில் நான் செய்த தப்பு எது என்று கேட்டால் அன்றைக்குப் பேசாமல் இருந்ததைத்தான் சொல்வேன்.

அவன் அழவே இல்லை. சுடுகாட்டிலும் இல்லை, கருமாதியிலும் இல்லை. பையனுக்கு இன்னும் புரியவில்லை என்றார்கள். இந்த ஊரில் ராக்கெட் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே முதலில் வெளிச்சம் எழும், நெருப்பு மேலே போகும், ஆனால் சத்தம் இருக்காது. ஏவுதளம் இருபது கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி இருக்கிறது. சத்தம் வந்து சேர ஒரு நிமிஷத்துக்கும் அதிகம் ஆகும். பிறகுதான் ஜன்னல் கண்ணாடி அதிரும். மகள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு எண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், ஒன்று, இரண்டு என்று எழுபது வரை. எண்ணுகிற அந்த நேரம் மாடியில் யாரும் பேச மாட்டார்கள். கருமாதி முடிகிற வரைக்கும் என் பேரன் முகத்தை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்ததும் அவனை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மருமகனுக்கு ஸ்ரீசிட்டியில் ஷிப்டு வேலை, இரவில் பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கோயிலில் என் வாசிப்பைக் கேட்க வருகிற ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் ஒருநாள் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ‘பதேர் பாஞ்சாலி.’ விபூதிபூஷண் பந்த்யோபாத்யாய் எழுதிய வங்காள நாவல், 1929-இல் புத்தகமாக வந்தது. தமிழில் ஆர். சண்முகசுந்தரம் செய்தது. எனக்குப் பெரிய படிப்புக் கிடையாது. அப்பா சாகித்யத்தை வாயால் சொல்லி, நான் எழுதிப் படித்த தமிழ்தான். இவ்வளவு பெரிய புத்தகத்தைக் குழந்தைக்கு எப்படிப் படிப்பது என்றேன். ஐயா பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார், இங்கிருந்து இதுவரை என்று.

“வங்காளத்துலயும் இப்படித்தான் செஞ்சாங்க” என்றார். 1940-களில் கல்கத்தாவின் சிக்னெட் பிரஸ் பதிப்பகம் இதைக் குழந்தைகளுக்கு என்று சுருக்கிப் போட்டதாம். அதற்குப் படம் போட்டவர் இளைஞராக இருந்த சத்யஜித் ராய். படம் போட்டுக்கொண்டிருக்கும்போதே இதைச் சினிமாவாக எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ராய்க்கு இரண்டரை வயது ஆகுமுன் அப்பா இறந்துவிட்டார். அந்த அப்பா சுகுமார் ராயும் குழந்தைகளுக்குப் பாட்டு எழுதியவர். 1923 செப்டம்பரில் அவர் இறந்து ஒன்பது நாள் கழித்து அவருடைய ‘ஆபோல் தாபோல்’ புத்தகம் வெளிவந்தது. இதையெல்லாம் ஐயா சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என்னை நிமிர வைத்தது அந்தக் குழந்தைப் பதிப்பின் பெயர். ‘ஆம் ஆந்திர் பேம்பு’ என்றார். மூல நாவலிலேயே நடுப்பகுதிக்கு அதுதான் பெயராம். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன்.

“மாங்கொட்டை ஊதல்.”

மாங்கொட்டையில் பீப்பி செய்யத் தெரியாத பிள்ளைகள் எங்கள் காலத்தில் கிடையாது. மழைக்கு முளைவிட்ட கொட்டையை எடுத்து, ஓட்டைப் பிரித்து, பருப்பைக் கல்லில் தேய்த்து, இரண்டு பிளவுக்கும் நடுவே காற்று போகிற அளவுக்குச் சந்து வந்ததும் ஊதினால் சத்தம் வரும். அங்கேயும் இரண்டு தகடு, நடுவே காற்று. வங்காளத்து நிச்சிந்திபுரம் கிராமத்தில் அக்காள் துர்காவும் தம்பி அப்புவும் ஊதியது அதைத்தான். புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பக்கம். பையன் பள்ளியில் படிப்பது தெலுங்கும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து அவன் அம்மா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டு என் விரல் போகிற இடத்தில் கண்ணை ஓட்டிக்கொண்டு வருவான். ஓயாமல் கேள்வி கேட்பான். துர்காவுக்கு ரயில் பார்க்க ஆசை, கடைசி வரை பார்க்கவில்லை என்கிற இடம் அவனுக்குத் தாங்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தண்டவாளம். சரக்கு ரயில் போனால் சமையலறைத் தட்டு ஆடும். “ஒரு ரயில்கூடவா தாத்தா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிற்பாடு சினிமாவில் அக்காளும் தம்பியும் நாணல் காட்டுக்கு நடுவே ஓடி ரயில் பார்ப்பதைக் காட்டியபோது, “இவர் நல்லவர்” என்றான் ராயைப் பற்றி.

துர்காவுக்குக் காய்ச்சல் வருகிற இடம் நெருங்கியது. எனக்கு முதலிலேயே தெரியும், ஐயா சொல்லியிருந்தார். இரண்டு நாள் தலைவலி என்று சொல்லிப் புத்தகத்தை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்புகிற இடத்துக்குப் போய்விட்டேன். பையன் எழுந்து உட்கார்ந்தான்.

“தாத்தா, நடுவுல விட்டுட்டீங்க.”

“முக்கியமில்லாத இடம்டா.”

“அக்கா எங்க? அவங்க மட்டும் போறாங்களே?”

மறுநாள் ஐயாவிடம் போய், இதைக் குழந்தைக்கு எப்படிப் படிக்கிறது, காய்ச்சலில் போனவளைப் பற்றிக் காய்ச்சலில் போனவள் பிள்ளைக்கே படிக்கவா என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவர் சொன்னது: “குழந்தைகளுக்குச் சுருக்கினவங்க எத்தனையோ வெட்டியிருக்காங்க. துர்காவைப் பிழைக்க வைக்கலை. அது இருக்கட்டும்னு விட்டாங்க பாருங்க.” அந்த வார்த்தையை இரண்டு நாள் மெல்ல வேண்டியிருந்தது. நாங்கள் அவன் முன்னால் அவன் அம்மா பேரைச் சொல்வதை நிறுத்தியிருந்தோம். படத்துக்கு விளக்கேற்றும்போதுகூட அவன் இல்லாத நேரமாகப் பார்த்து ஏற்றினாள் என் மனைவி. அவனுக்கு நல்லது என்று நினைத்து எல்லாருமாகச் சேர்ந்து பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை ராத்திரி விட்ட இடத்திலிருந்து படித்தேன். துர்கா போகிறாள். பையன் அசையாமல் கேட்டான். அழவில்லை. அடுத்து, விஷயமே தெரியாமல் ஊருக்குத் திரும்பி வருகிறார் அப்பா ஹரிஹரன். வாங்கி வந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவி கையில் கொடுக்கிறார். அதில் துர்காவுக்கு ஒரு சேலை.

அதற்கு மேல் படிக்க முடியவில்லை. மகள் போய்ப் பதினோராம் நாள் தையல்காரர் கடைப் பையன் வந்து, “அக்கா ஜாக்கெட் ரெடியாயிடுச்சு” என்று வாசலில் நின்றான். தூர ஊர்க்காரப் பையன், அவனுக்குச் சேதி தெரியாது. அதை வாங்கி வைத்தவன் என் பேரன். எங்களிடம் காட்டவில்லை, தன் புத்தகப் பையில் வைத்திருந்தான். அன்று ராத்திரி எழுந்து போய் அதை எடுத்துக்கொண்டு வந்தான். அப்போதுதான் அழுதான். என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். நான் அவளைக் கையைக் காட்டி நிறுத்தினேன், அழட்டும் என்று. முக்கால் மணி நேரம் இருக்கும்.

சினிமாவை ஐயா வீட்டுக் கம்ப்யூட்டரில் பிறகு பார்த்தோம். 1955-இல் வந்தது, இசை ரவிசங்கர். ஹரிஹரன் சேலையை நீட்டுகிறார், சர்வஜயா அதைக் கடித்துக்கொண்டு உடைகிறாள். வாய் திறக்கிறது, அழுகைச் சத்தம் இல்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் வருகிறது. பட்தீப் ராகம், மேல் ஸ்தாயியில். பெயரில் ஷெனாய் இருந்தாலும் அது ஊதுகிற வாத்தியம் இல்லை. வில் போட்டு இழுப்பது, ஒலியைப் பெருக்க ஒரு குழல் பொருத்தியிருப்பார்கள். ஐயா சொல்லித்தான் தெரியும். கேட்டபோது யாரோ சீவாளி வைத்து ஊதுகிறார்கள் என்றே நினைத்தேன். அழுகையை மறைக்க வாசித்த வாசிப்பு இல்லை அது. அவள் தொண்டையில் நின்றதை எடுத்துக்கொண்டு போகிற வாசிப்பு. அப்பகிந்தலுவில் நாங்கள் வாசிப்பது பெரும்பாலும் அழுகைச் சத்தம் சபைக்குக் கேட்காமல் இருக்கத்தான். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு அந்த இடத்தில் நான் வாசிக்கிற விதத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது நடுவில் மூச்சுவிடுகிற இடத்தில் அவசரமாக நிரப்புவதில்லை. பெண்ணின் அம்மா குரல் கேட்கட்டும் என்று விட்டு, அதன் சுருதிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொள்கிறேன். தவில்காரருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. இப்போது அவரே விடுகிறார்.

புத்தகத்தில் கடைசியாக ஒரு இடம். வீட்டைக் காலி செய்யும்போது அப்புவுக்கு ஒரு தங்கச் சிமிழ் கிடைக்கிறது. அக்காள் திருடினாள் என்று அடி வாங்கினாளே, அந்தச் சிமிழ். அவள் எடுத்தது உண்மைதான். அப்பு யாரிடமும் சொல்லாமல் அதை மூங்கில் புதருக்குள் வீசிவிடுகிறான். சினிமாவில் அது பாசிமணி மாலை, குளத்தில் போடுகிறான், பாசி விலகி மூடிக்கொள்கிறது. பேரன் இரண்டையும் ஒப்பிட்டு யோசித்துக்கொண்டே இருந்தான். பிறகு, “அம்மாவோடது நம்மகிட்ட என்ன இருக்கு தாத்தா?” என்றான்.

சீவாளிக் கொத்தை எடுத்துக் காட்டினேன். பச்சை நூல் கட்டியது ஒன்றே ஒன்று மிச்சம். மற்றவை வாசித்து வாசித்துப் போய்விட்டன. அந்த ஒன்றை நான் ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து மூடி வைத்திருந்தேன். தொழில் தெரிந்தவன் செய்கிற காரியம் இல்லை அது. எச்சில் படாத சீவாளி காய்ந்து விறைத்துவிடும். இங்கே காற்றில் உப்பு வேறு. மாதக்கணக்கில் வாய் படாமல் வைத்தால் ஒருநாள் எடுக்கும்போதே வெடித்திருக்கும். அதை அவனுக்குச் சொன்னேன்.

“அப்ப நான் ஊதறேன்” என்றான்.

நாயனம் கற்றுக்கொள்கிறவனுக்கு முதலில் கையில் குழல் கொடுப்பதில்லை. வெறும் சீவாளியை வாயில் வைத்து ஊதி, ஒலி ஆடாமல் நிற்கிற வரைக்கும் அதுதான் பாடம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிணற்றடியில் உட்காருவோம். முதல் வாரம் காற்றுதான் வந்தது. கன்னம் வலிக்கிறது என்றான். பிறகு ஒரு நாள் பூவரச இலை மாதிரி ஒரு குரல், அடுத்த மாதம் அது கொஞ்சம் நின்றது. ஐப்பசி மழையில் நேலப்பட்டு ஏரிக்குக் கூழைக்கடா வந்து இறங்குகிற சமயத்தில் ஷட்ஜம் என்று சொல்லக்கூடிய ஒன்று வந்தது. அன்று இலையைப் பிடுங்கிப் போட்ட பெரியவர் வீட்டுக்கு வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம் சீவாளி நுனியில் பிளந்தது. அவன் வாயிலேயே பிளந்தது. என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். என்ன செய்யலாம் என்று நான் கேட்கவில்லை. மூங்கில் புதரைத் தேடுவானோ என்று ஒரு கணம் பயந்தேன். அவன் திண்ணையில் உட்கார்ந்து, என் கொம்பு ஊசியை வாங்கி, முடிச்சை நெம்பி, பச்சை நூலை மெதுவாகப் பிரித்தான். கொத்திலிருந்து புதுச் சீவாளி ஒன்றைக் கேட்டான். நூலை மெழுகில் இழுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டான். முதல் தடவை சுற்று மேலேறிவிட்டது, பிரித்தான். இரண்டாவது தடவை நூல் நடுவில் அறுந்தது. கையில் மிஞ்சியது நான்கு சுற்றுக்குத்தான் போதுமாக இருந்தது. மீதிக்கு வெள்ளை நூல் எடுத்துக் கொடுத்தேன்.